கப்பலுக்கு முதல் மாலை

மகனே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, உன் அப்பாவும் நானும் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கடற்படைச் சீருடையில் நீ நிற்கும் படத்தைப் படுக்கையறை அலுமாரியின் உட்கதவிலிருந்து கழற்றி முன் ஹோலில் மாட்டுவது என்று தீர்மானித்தோம். தீர்மானம் ஏகமனதானது. அப்பா எதையும் எதிர்த்ததாக எனக்கு நினைவில்லை. எந்தச் சுவர் என்பதில் மட்டும் சிக்கல் எழுந்தது. கிழக்கில் சாமி படங்கள். மேற்கில் வெயில். வடக்கில் மின்சாரப் பெட்டி. மிஞ்சியது தெற்கு, அது உன் மாமா வந்தால் அமரும் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. எல்லாப் பக்க விளைவுகளையும் எடைபோட்ட பின் தெற்கே முடிவாயிற்று. சம்பந்தப்பட்ட தரப்புகளுக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை. அப்பா ஆணி அடித்தார். நான் படம் சரிவாக இருக்கிறது என்றேன். அவர் சுவர்தான் சரிவு என்றார்.

இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ, வேறொரு நாட்டுக் கடற்படை தனக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய போர்க்கப்பல் ஒன்றை நம் நாட்டுக் கடற்படைக்குப் பொறுப்பெடுத்துக் கொண்டுவரப் போன குழுவில், இயந்திரப் பிரிவில், குளிர்தேசத் துறைமுகம் ஒன்றில் இருக்கிறாய். நான் அனுப்பும் குரல் பதிவுகளுக்கெல்லாம் ஒரு மஞ்சள் கட்டைவிரலைப் பதிலாக அனுப்புகிறாய். கட்டைவிரலோடு ஒரு தாய் எவ்வளவு நேரம் பேச முடியும்? பத்திரிகையில் எழுதினால் தேற்றாத்தீவிலிருந்து வாழைச்சேனை வரை படித்துவிட்டு உன்னிடம் விசாரிப்பார்கள். அப்போது நீயும் படிப்பாய் என்று நம்புகிறேன்.

போர்க்கப்பல் கேட்பது ஒரு கலை என்பதை உன்னால்தான் அறிந்துகொண்டேன். பணக்கார நாடுகள் கப்பலைக் கட்டுகின்றன. இரும்பும் பணமும் இருந்தால் அதை யாரும் செய்யலாம். நம்மைப் போன்ற நாடு கப்பலைக் கேட்க வேண்டும். கேட்டது போலவும் இருக்கக் கூடாது, கேளாதது போலவும் இருக்கக் கூடாது. ஒரு நாட்டிடம் கேட்கும்போது அதற்கு ஆகாத நாட்டிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அதற்குத் தெரிய வேண்டும். ஆனால் நாம் சொல்லித் தெரியக் கூடாது. இரண்டு பேரும் தந்துவிட்டால் இரண்டையும் ஒரே துறைமுகத்தில் அருகருகே கட்டி, ஒரே நாளில் துருச் சுரண்டி, ஒரே சாம்பல் நிறத்தைப் பூச வேண்டும். வெளியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நாடுகளின் கப்பல்கள் திருகோணமலையில் ஒன்றுக்கொன்று கயிறு கொடுத்து நிற்கின்றன என்று நீ ஒருமுறை சொன்னாய். சமாதானத்துக்கென்று உலகத்தில் பெரிய பெரிய மாநாடுகள் நடக்கின்றன. அங்கே நடக்காதது இங்கே ஒரு கயிற்றில் நடக்கிறது. நான் கேலி செய்வதாக நினைக்காதே. சுற்றிவரக் கடல் உள்ள ஒரு நாடு, அந்தக் கடலின் தூரத்து மூலையை எட்டிப் பார்க்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று கண்டு, வெட்கப்படாமல் போய்க் கேட்பதை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

கொடையாக வந்ததை வைத்து வாழ்வது எனக்குப் புதிதல்ல. ஓய்வுபெறும்வரை நான் நூலகராக இருந்ததை நீ அறிவாய். எங்கள் நூலகம் வெளிநாடுகள் வேண்டாமென்று அனுப்பிய புத்தகங்களால் வளர்ந்தது. ஒருமுறை வந்த பெட்டியில், தெருக்களில் உறைந்த பனியை அகற்றும் வண்டிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் அதற்கு வாசகர் கிடைப்பாரா என்று நான் கவலைப்படவில்லை, இலக்கமிட்டு அடுக்கினேன். வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த உன் அப்பா அதை இரவல் எடுத்துப் போனார். குளிரில் ரப்பர் வளையங்கள் வெடிக்காமல் காப்பது எப்படி என்று அதில் ஒரு அத்தியாயம் இருந்ததாம். அந்தப் புத்தகத்தைத் தந்த நாட்டவர்களுக்கு, அது வாழைச்சேனைச் சூரை மீனைக் காப்பாற்றியது என்று யாரும் அறிவிக்கவில்லை. நீ நிற்கும் கப்பலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தந்தவர்கள் அதை எதற்குக் கட்டினார்கள் என்பது அவர்கள் விஷயம். அது இங்கே எதற்கு உதவப் போகிறது என்பது உங்கள் கைகளில் இருக்கிறது.

ஆனால் உன்னைப் பற்றி நான் எப்போதும் இப்படி நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன் என்று சொல்ல முடியாது. நீ கடற்படையில் சேர்ந்த புதிதில், அயலில் கேட்டவர்களுக்கெல்லாம் நீ திருகோணமலையில் நீர் சம்பந்தமான ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் இருப்பதாகச் சொன்னேன். அது பொய்யல்ல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த கிழமை பக்கத்து வளவுக்காரி, குழாய்த் தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பித்து ஒன்றும் நடக்கவில்லை, தம்பியிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள் என்று வந்து நின்றாள். அதற்கடுத்த கிழமை மூன்று பேர் வந்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு முன் நான் தெருவில் பாதிப் பேரின் குழாய்களுக்குப் பொறுப்பாளியாகிவிட்டேன். ஒரு சிறிய மறைப்பைப் பராமரிப்பதற்கு எவ்வளவு ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்பதை நீயும் நினைவில் வைத்துக்கொள். கலியாணம் செய்யப் போகிறவனுக்கு இது உதவும்.

செய்யப் போகிறவன் என்று எழுதிவிட்டேன். அதுவே இன்னும் தீர்மானமாகவில்லை. இந்தக் கடிதத்தை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்: என் தம்பி, அதாவது உன் மாமா, தன் மகள் தர்சினியை உனக்குத் தருவதாக இருந்தது. நம் பக்கத்து வழக்கப்படி அவளுக்காகச் செட்டிபாளையத்தில் வாவிக்கு முகம் பார்த்து ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறார். கலியாணம் ஆவணியில் என்று பேசி, களுவாஞ்சிகுடியில் மண்டபமும் பதிந்தாயிற்று. அப்போதுதான் உனக்குக் கப்பலுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஆவணிக்கு முன் வந்துவிடுவேன் என்று நீ சொன்னாய். மாமா உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ விமானம் ஏறிய பிறகு என்னிடம் வந்து சொன்னார்.

"அக்கா, ஆவணிக்குள்ள அவன் வந்து நிக்கோணும். இல்லாட்டி நான் புள்ளைக்கு வேற இடம் பாப்பன். கப்பலுக்குக் காவலிருக்க நான் வீடு கட்டல்ல."

வேற இடம் என்பது வெறும் பேச்சல்ல. கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு வங்கி உத்தியோகத்தரின் சாதகம் ஏற்கெனவே அவர் கைக்கு வந்திருந்தது. வங்கி எங்கும் மிதந்து போகாது என்பது அதன் முக்கியமான தகுதி.

மாமாவின் கோபம் ஆவணி மாதத்தைப் பற்றியது அல்ல என்பது உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அவர் கடலுக்குப் போக ஒரு பாஸ், படகுக்கு ஒரு பாஸ், இயந்திரத்துக்கு ஒரு பாஸ் வைத்திருந்தார். மீன்கள் மட்டும் பாஸ் இல்லாமல் வந்து போயின. கடற்படையின் சிறிய வேகப் படகுகள் கரையைச் சுற்றிச் சுற்றி வரும். அவை பக்கத்தில் வந்தால் கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். நீ முதன்முதல் சீருடையோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பின்னால் ஓடிப் போய்க் கேட்டேன். "நான் என்ன செய்ய அக்கா, அந்தச் சட்டைய வாசல்ல கண்டா என்ட கை தானா மேல போகுது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உனக்கு இதை நான் சொல்லவில்லை. இன்று பத்திரிகையில் சொல்கிறேன், ஏனென்றால் நீ போடும் சட்டைக்கு உனக்கு முன்பே ஒரு வயது உண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாருடைய வாசலுக்குப் போனாலும் அதை மறக்காதே. அதற்காக அந்தச் சட்டையைக் கழற்று என்றும் நான் சொல்ல மாட்டேன். மூன்று மொழியிலும் வந்த விளம்பரத்துக்கு நம் மொழியில் விண்ணப்பித்து, நம் மொழியில் பெயர் சொல்லி உள்ளே போனவன் நீ.

மாமாவிடம் நான் வாதாடிப் பார்த்தேன். அவருடைய ஆழ்கடல் படகு இயந்திரம் நின்று நீரோட்டத்தில் இழுபட்டுப் போன கதையை எடுத்தேன். குடிக்கத் தண்ணீர் தீர்ந்த பிறகு, வேறொரு நாட்டுச் சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டு தூக்கிப் போய், அது போகிற துறைமுகத்தில் இறக்கிவிட்டது. நம் குடும்பத்தில் முதன்முதல் விமானத்தில் வந்தவர் மாமாதான். மீன் பிடிக்கப் போய் விமானத்தில் திரும்பியவர். "அண்டைக்கு எங்கட கடற்படை வரல்லத்தானே" என்றார் அவர். "வாறதுக்கு அவ்வளவு தூரம் ஓடுற கப்பல் அவங்களுக்கிட்ட இருக்கல்லத்தானே" என்றேன் நான். சிறிய படகு கரைக்குக் காவல் நிற்கும். தூரத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரிய கப்பல் வேண்டும். அவர் சுருட்டைப் பற்றவைத்தார். தர்சினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகிறவள் போல நின்று, "அப்பா, நீங்க ஆழ்கடலுக்குப் போகக்குள்ள அம்மா உங்களுக்கு ஒரு மாதமும் குறிச்சுத் தரல்ல" என்றாள். மாமா தேநீரை எடுத்துக் குடித்தார். ஆனால் ஆவணிக் கதையை அவர் விடவுமில்லை.

இனி நான் சொல்லப் போவது நம் கோயிலில் நடந்தது. இதை வேறு ஊரவர்கள் நம்ப மாட்டார்கள்; நம் ஊரவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு பிரமுகர், புதிதாக வரும் கப்பல் நாட்டின் எல்லாக் கரைகளுக்கும் வந்து மக்களின் வரவேற்பை ஏற்கும் என்று பேசிவிட்டார். எல்லாக் கரை என்றால் மட்டக்களப்பும்தானே. அப்படியானால் கப்பல் முகத்துவாரத்தால் வாவிக்குள் வரும். வந்தால் கோயில் சார்பில் மாலை போட வேண்டும். மாலை போடுவதென்றால் முதல் மாலை எந்தக் குடிக்கு உரியது?

நம் கோயில்களில் திருவிழா, தீர்த்தம், திருநீறு எல்லாமே குடிவழி முறைப்படிதான் நடக்கும் என்பதும், குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது என்பதும் வாசகர்களில் பலருக்குத் தெரியும். போர்க்கப்பலுக்கு என்ன முறை என்று முன்னோர் சொல்லிவைக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்ய வண்ணக்கர் கூட்டம் கூட்டினார். கோயில் நிருவாகம் அவர் கையில். கோயிலில் நம்மோடு உரிமை பங்கிடும் மற்றக் குடியின் தலைவர், வயதானவர், ஊரில் தேர் இழுக்கும்போது முதல் வடம் தங்களுடையது, கப்பலும் இழுத்துக் கட்டப்படும் ஒரு வாகனம், ஆகவே முதல் மாலையும் தங்களுடையது என்று தெளிவாக நிறுவினார். சபை அதை ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. நம் குடியின் சார்பில் இருந்தவர் உன் மாமா. கடற்படை என்ற சொல்லைக் கேட்டாலே வெற்றிலையைத் துப்ப எழுந்து போகிறவர். அவர் எழுந்தார். துப்பப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அந்தக் கப்பல்ர இயந்திரத்துக்குப் பக்கத்தில நிக்கிறவன் என்ட அக்காட மகன். தாயிர குடி என்ட குடி. அவன் கொண்டாற கப்பலுக்கு எங்கட குடிதான் முதல் மாலை போடும். வேற யாரும் போட்டா நான் இந்தப் படியேற மாட்டன்."

மற்றக் குடித் தலைவர் விடவில்லை. மாப்பிள்ளை தன் மகளுக்குக்கூட இன்னும் உறுதியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர், மாலைக்கு மட்டும் மருமகனைத் தேடி வருகிறாரே என்று கேட்டார். தர்சினியின் தாய் அவருடைய குடி என்பதால் மாமா வீட்டுச் செய்திகள் அவருக்கு உடனுக்குடன் போய்ச் சேரும். சபையில் சிலர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா, கலியாணம் வீட்டுக் கதை, மாலை கோயில் கதை என்றார். முறைப்படி அது சரியான பதில். அன்று தீராமல் இன்னொரு நாளும் கூடினார்கள். கடைசியில் நம் குடிக்கு முதல் மாலை என்றும், மற்றக் குடிக்குத் தீபம் சுற்றும் ஆலாத்தி என்றும் வண்ணக்கர் தீர்ப்புச் சொன்னார்.

இதில் நான் வியக்கும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே இருந்த அத்தனை பேரும் வாவியில் வளர்ந்தவர்கள். எந்த இடத்தில் இடுப்பளவு, எந்த இடத்தில் கழுத்தளவு, முகத்துவாரத்தில் மணல் எப்போது மூடும் என்று தோணிக் கம்பால் அளந்து அறிந்தவர்கள். உன் கப்பலின் நிழல்கூட உள்ளே வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் முடிந்துவிடும். உரிமை உரிமைதான், கப்பல் வருவதும் வராததும் வேறு பிரச்சினை. வல்லரசுகளின் ஒப்பந்தங்களைப் பற்றி நான் நூலகத்தில் வாசித்தவை எல்லாம் அன்றுதான் விளங்கின.

திரும்பி வரும்போது மாமாவும் நானும் வாவிக்கரைப் பாதையால் நடந்தோம். அவர் வென்ற மனிதன் போல நடக்கவில்லை. இறால் பிடிக்கக் கம்பு நட்டு அடைத்த கட்டுக்குப் பக்கத்தில் நின்றார். வாவி அன்று தட்டையாகக் கிடந்தது.

"அக்கா, அந்தக் கப்பலுக்கு இதுக்குள்ள வர ஏலாது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"ஏலாது. அதாலதான் எனக்கு அதப் புடிச்சிருக்கு."

இரும்பையும் பீரங்கியையும் பற்றி எழுதும் நிபுணர்கள் ஒரு போர்க்கப்பலைப் பற்றிச் சொன்ன எதையும்விட இது எனக்கு நன்றாக விளங்கிற்று. நம் முற்றத்துக்குள் வர முடியாத அளவு பெரிதாக ஒன்றை ஒரு நாடு தேடிப் போகிறதென்றால், அது முற்றத்தைவிட வெளியைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். அப்படியே இருக்கட்டும். நானும் உன் மாமாவும் அந்த நம்பிக்கையில்தான் அன்று மிச்சத் தூரத்தை நடந்தோம். மறுநாள்தான் நான் படத்தை வெளியே எடுப்பது பற்றி அப்பாவிடம் பேச்சைத் தொடங்கினேன். ஆவணி பற்றி மாமா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்முனைச் சாதகமும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

தர்சினி உன்னை ஏற்று, மாமாவும் இறங்கி வந்து, நீ அந்த வீட்டுக்குப் போவதானால், சிலவற்றைச் சொல்லவேண்டியது என் கடமை. நம் பக்கத்தில் ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். உன் அப்பா வாழைச்சேனையிலிருந்து ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவர். வந்த புதிதில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கும் என்னிடம் கேட்டார். நான் அதை மரியாதை என்று நினைத்தேன். அவர் பிறகு சொன்னார், எங்கள் வாளிக் கயிறு அவர் வீட்டுக் கயிற்றுக்கு எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருந்ததாம். நான் ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் திசையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தோம். எப்போது மாறினோம் என்று யாருக்கும் தெரியாது. அவர் எதிர்க்காத மனிதர் என்று இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதினேன். எதிர்க்காமலே வெல்வது எப்படி என்று அவரிடம் கேட்டுக்கொள். சொல்ல மாட்டார், பக்கத்தில் இருந்து பார்.

நீ அனுப்பிய ஒரே நீளமான செய்தியில், கப்பலின் வால்வுகள் மேலெல்லாம் அந்த நாட்டு மொழியில் பித்தளைத் தகடுகள் இருப்பதாகவும், உங்கள் ஆட்கள் அவற்றைக் கழற்றாமல் கீழே சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுவதாகவும் சொன்னாய். அதை நான் பலருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கப்பலுக்குப் புதுப் பெயர் வைப்பார்கள், புதுக் கொடி ஏற்றுவார்கள், எல்லா மதத்தவரும் வந்து ஆசீர்வதிப்பார்கள். ஆனால் அது எந்தத் திசையில் திறந்து பழகியதோ அந்தத் திசையில்தான் திறக்கும். உன்னை ஏற்கும் வீட்டுக்கு நீயும் அப்படித்தான் போகப் போகிறாய், இந்த வீட்டுத் தகடுகளோடு. அவற்றைக் கழற்றாதே. மற்றவர்களுக்கு விளங்கும்படி கீழே எழுதி ஒட்டு. அவர்களுடையதையும் வாசிக்கப் பழகு. தர்சினி கோபித்தால் பாத்திரம் சத்தம் போடாது. கதவு சத்தம் போடும். மாமா கோபித்தால் சத்தமே இருக்காது. இது போதும் என்று நினைக்கிறேன். மிச்சத்தை நீ இயந்திர அறையில் பழகிய பொறுமையைக் கொண்டு கண்டுபிடிப்பாய்.

இன்னொன்று. நீ அங்கே குளிரில் நின்று, நமக்குச் சொந்தமில்லாத ஒரு மொழியில், நமக்காகக் கட்டப்படாத ஓர் இயந்திரத்தை நமக்கு ஓடும்படி செய்துகொண்டிருக்கிறாய். உன்னைப் பற்றி நான் தண்ணீர்த் திணைக்களம் என்று சொல்லித் திரிந்த நாட்களுக்கு இது ஈடாகுமா தெரியாது. எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை ஒரு குரல் பதிவில் சொல்லியிருந்தால் நீ ஒரு கட்டைவிரல் அனுப்பியிருப்பாய்.

நேற்று இரவு இதை எழுதி முடித்து உறையில் இடும் நேரத்தில், அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் அனுமதி கிடைக்கும்வரை கப்பல் கையளிப்பு பிற்போடப்பட்டிருப்பதாகவும், குழு அங்கேயே தங்கியிருக்கும் என்றும் வானொலியில் சொன்னார்கள். எங்களுக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். இன்று காலை மாமா களுவாஞ்சிகுடிக்குப் பஸ்ஸில் போய், ஆவணிக்குப் பதிந்திருந்த மண்டபத்தைத் தை மாதத்துக்கு மாற்றிவிட்டு வந்தார்.